நோயுள்ள வயதான மீட்பு நாயைத் தத்தெடுத்துப் பராமரிப்பது: முழுமையான வழிகாட்டி

"வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." மீட்கப்பட்ட வயதான நாய்களைப் பற்றி அதிகம் காதில் விழும் பேச்சு இது. படி ஏறத் தயங்கினால் வயசு. தண்ணீரை மடக்கு மடக்கெனக் குடித்தால் வயசு. வாய் நாறினாலும், ராத்திரி முழுக்கக் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாலும் வயசு. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு நோய் இருக்கிறது. பலவற்றை மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். குணமாகாதவற்றிலும் வலியையாவது குறைக்கலாம். ஆகவே வயதின் மேல் பழியைப் போடாமல் காரணத்தைத் தேட வேண்டும், அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

முதலில் வயதைப் பற்றிக் கொஞ்சம். சிறிய உடல்வாகு கொண்ட நாய்கள் 10, 11 வயதில்தான் முதுமையைத் தொடும். 25 கிலோவுக்கு மேற்பட்டவை 7, 8 வயதிலேயே தொட்டுவிடும். மிகப் பெரிய இனங்களுக்கு 6 வயது போதும். மீட்பு நாய்க்குச் சொல்லப்படும் வயது எப்போதும் உத்தேசம்தான். பல்லை வைத்து வயது சொல்வது குட்டிகளில் சரியாக வரும், வளர்ந்த நாயில் சில ஆண்டுகள் பிசகலாம். கண்ணில் தெரியும் நீலம் கலந்த மங்கலைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் லென்ஸ் இறுகுவதால் வருவது, பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது. கண்புரை என்றால் வெண்மையாகத் தெரியும், பார்வையை மறைக்கும்.

கூட்டி வருவதற்கு முன்

காப்பகத்தில் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்ளாமல் காகிதங்களைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கை, எக்ஸ்-ரே, தடுப்பூசி அட்டை, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, நேரம் எல்லாம் வேண்டும். கருத்தடை ஆகிவிட்டதா, எந்த இடத்தைத் தொட்டால் உறுமுகிறது, மற்ற நாய், பூனை, குழந்தைகளோடு எப்படி, என்ன உணவு, எத்தனை வேளை என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 10 நாளுக்கான மருந்தும், அங்கே சாப்பிடும் அதே உணவும் கையோடு கிடைத்தால் முதல் வாரம் பாதி சுலபமாகிவிடும்.

பிறகு நாயைப் பாருங்கள். படுத்த நிலையிலிருந்து எழுவதைக் கவனியுங்கள். முன்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு எழுந்தால் இடுப்பிலோ முதுகிலோ முழங்காலிலோ கோளாறு இருக்கலாம். ஐந்து நிமிடம் நடத்திப் பாருங்கள். தலை ஒவ்வோர் எட்டுக்கும் மேலும் கீழும் ஆடினால் முன்காலில் வலி. பின்கால் நகங்கள் தரையில் உரசித் தேய்ந்திருந்தால் நரம்புப் பிரச்சினைக்கு வாய்ப்புண்டு. உணவை ஒரே பக்கமாக மெல்லுகிறதா, வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா என்று பாருங்கள். பல் நோய் அப்படித்தான் தன்னைக் காட்டும்.

உங்களையும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயுள்ள நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாள் தவறாமல், இன்சுலின் போட வேண்டியிருக்கும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார் போடுவார்கள்? 30 கிலோ நாயால் நடக்க முடியாமல் போனால் மாடிப்படியில் யார் தூக்குவது? மாதாமாதம் மருந்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, திடீரென வரும் ஓர் அவசரச் செலவு, இவற்றுக்குப் பணம் ஒதுக்க முடியுமா? முடியாது என்றால் உங்களால் தாங்கக்கூடிய வேறொரு நாயைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. கூட்டி வந்து இரண்டு மாதத்தில் திருப்பி விடுவதுதான் வயதான நாயை உடைத்துப்போடும். காப்பகம் ஒத்துக்கொண்டால் முதலில் சில வாரங்கள் தற்காலிகப் பராமரிப்பாக வைத்துப் பார்ப்பது மிக நல்ல வழி.

வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது தரை

வழுக்கும் தரை, மூட்டு வலியுள்ள நாய்க்கு ஒரு நாளில் நூறு முறை வரும் தண்டனை. கால் சறுக்கும் ஒவ்வொரு முறையும் தேய்ந்த மூட்டு முறுக்கப்படுகிறது. நாய் நடக்கவே பயந்து படுத்துவிடும், தசை கரையும், அதனால் இன்னும் சறுக்கும். அடிப்பக்கம் ரப்பர் உள்ள விரிப்புகளைப் படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், அங்கிருந்து வாசல் என இடைவெளி விடாமல் போடுங்கள். நடுவில் இரண்டடி தரை வெறுமையாக இருந்தாலும் பல நாய்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

படுக்கைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் கனமுள்ள அடர்த்தியான ஃபோம் வேண்டும். அதன்மேல் உங்கள் முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தரை தட்டினால் அது போதாது. மேலே நீர் புகாத உறை ஒன்று, துவைக்கும் துணி இரண்டு. மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு. கார் அல்லது கட்டிலுக்குச் சாய்தளம் வைப்பதாக இருந்தால், 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கட்டும். குட்டையான சாய்தளம் செங்குத்தாக இருக்கும், நாய் ஒருமுறை சறுக்கினால் மறுபடி அதில் கால் வைக்காது. இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரிய வேண்டும்.

முதல் மூன்று நாள்

மீட்பு நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், வண்டியிலிருந்து இறங்கும்போதோ வாசற்கதவு திறக்கும்போதோதான். கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு, ஹார்னெஸில் (மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை) இன்னொரு கயிறு எனப் பூட்டி வையுங்கள். உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு புறப்படும் முன்பே கழுத்தில் இருக்கட்டும்.

வந்ததும் மலஜலம் கழிக்கும் இடத்துக்கு நேராகக் கூட்டிப்போங்கள். பிறகு ஒரே ஓர் அறை. குளிப்பாட்டல், விருந்தாளிகள், புகைப்படம் எடுக்கக் கட்டிப்பிடித்தல் எதுவும் வேண்டாம். தூங்கும்போது தொடக் கூடாது. காது கேளாத, வலியுள்ள நாய் திடுக்கிட்டு விழித்துக் கடிப்பது அதன் குணக்கேடு ஆகாது. தரையைத் தட்டி அதிர்வு கொடுங்கள், அல்லது மூக்கருகே கையை நீட்டி மோப்பம் பிடிக்க விடுங்கள்.

தண்ணீரை எப்போதும் தாராளமாக வையுங்கள். வீட்டை அசுத்தம் செய்கிறது என்று தண்ணீரைக் குறைப்பது சிறுநீரக நோயுள்ள நாயைக் கொல்லக்கூடிய தவறு. முதல் நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். 24 மணி நேரம் எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். இன்சுலின் போடும் நாயாக இருந்தால் ஒரு வேளை தவறினாலே அழைக்க வேண்டும்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு ஒரு தனி எச்சரிக்கை. பாவம் பார்த்துக் கிண்ணம் நிறையப் போட்டுவிடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென இறங்கி இதயமே நின்றுபோகலாம். ஓய்வில் இருக்கும் நாயின் அடிப்படைக் கலோரித் தேவையை இப்படிக் கணக்கிடலாம்: எடை கிலோவில் × 30, அதோடு 70. 20 கிலோ நாய்க்கு 670 கலோரி. முதல் நாள் இதில் கால் பங்கு, இரண்டாம் நாள் அரைப் பங்கு, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழு அளவு. ஒவ்வொரு நாளும் அதை நான்கு முதல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மிக மோசமாக மெலிந்த நாய் என்றால் இதை வீட்டில் செய்யாமல் மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே செய்வதுதான் பாதுகாப்பு.

வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், தடுப்பூசி வரலாறு தெரியாத புதிய நாயைக் குறைந்தது 14 நாள் தனி அறையில் வையுங்கள், பாத்திரங்களும் தனியாக. அறிமுகம் வீட்டுக்கு வெளியே, இரண்டையும் ஒரே திசையில் சற்றுத் தள்ளி நடத்திக்கொண்டு போவதில் தொடங்கட்டும். சாப்பாடு மட்டும் எப்போதும் தனித்தனி இடத்தில்தான்.

முதல் முழுப் பரிசோதனை

முதல் வாரத்துக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். அன்று காலையின் முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து எடுத்துப் போங்கள். தட்டையான கரண்டி ஒன்றை நீளக் குச்சியில் கட்டினால் பிடிப்பது எளிது. தாமதமாகும் என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். புதிய மலம் கொஞ்சம், வீட்டில் நடப்பதையும் எழுவதையும் எடுத்த வீடியோ, எல்லா மருந்து அட்டைகளும் கையில் இருக்கட்டும். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய்கள் நொண்டலை மறைத்துவிடும். வீடியோ பொய் சொல்லாது.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, புரதம், உப்புகள் அடங்கிய ரத்த வேதியியல், சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், உண்ணிக் காய்ச்சல், இதயப்புழு, மலத்தில் புழு முட்டை. முணுமுணுப்புச் சத்தம் இதயத்தில் கேட்டால் நெஞ்சு எக்ஸ்-ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்) சேரும். சிறுநீர்ப் பரிசோதனையைப் பலர் "அது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சிறுநீரின் ஒப்படர்த்தி (வெறும் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரைச் செறிவாக்கும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப 1.008 முதல் 1.012-க்குள் நின்றால், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு முன்பே சிறுநீரக நோயைச் சந்தேகிக்கலாம்.

தைராய்டு அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. வேறு எந்தப் பெரிய நோய் இருந்தாலும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு தானாகவே தாழும். ஒரே ஒரு டி4 எண்ணை வைத்து ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை தொடங்கினால் உண்மையான நோய் மறைந்துபோகும். மற்ற நோயைச் சரிசெய்தபின் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், அல்லது டிஎஸ்எச், ஃப்ரீ டி4 ஆகிய தைராய்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கருத்தடை ஆகாத வயதான பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து எப்போதும் தலைமேல் தொங்குகிறது. பருவம் முடிந்து சில வாரங்களில் அதிகத் தாகம், சோர்வு, வாந்தி, வயிறு உப்பல் வந்தால் அன்றே ஓடுங்கள். வெளியே சீழ் வடியாத வகைதான் அதிக ஆபத்தானது. பால்மடிகளை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள், பட்டாணி அளவு கட்டியைக்கூடக் காட்ட வேண்டும். தெருவில் வாழ்ந்த நாயின் பிறப்புறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால் பருவம் என்று விட்டுவிடக் கூடாது. இணைசேர்க்கையால் பரவும் கட்டியாக இருக்கலாம். வாராந்திர வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் கரைந்துபோகும் கட்டி அது, அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விட இது உதவும். நாள்தோறும் ஐந்து விஷயங்கள் போதும்: எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர், மலஜலம், மருந்து கொடுத்த நேரம், தூக்கத்தில் மூச்சு எண்ணிக்கை.

மூச்சை எண்ணுவது இப்படி. நாய் ஆழ்ந்து தூங்கும்போது, கனவில் கால் உதறாத நேரத்தில், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று எனக் கொண்டு 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பெரும்பாலான நாய்களுக்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்கும். வழக்கமாக 18 இருக்கும் நாய் இரண்டு மூன்று நாளில் 28-க்கு ஏறினாலும் அது செய்திதான். 30-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அன்றே அழையுங்கள். நுரையீரலில் நீர் சேரத் தொடங்குவதை இருமலுக்கு முன்பே இந்த எண் சொல்லிவிடும்.

தண்ணீரை அளக்க, காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலை மீதியைக் கழியுங்கள். நாள் ஒன்றுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 100 மில்லிக்கு மேல் போனால் அது நோய்க்குறி. சிறுநீரகம், சர்க்கரை, குஷிங் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகும் நோய்), கருப்பைச் சீழ், ஸ்டீராய்டு மருந்து என்று காரணங்கள் பல. எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழித்தால் போதும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும் நாளிலேயே இதைப் பார்த்துப் பழகினால்தான் மாறும் நாளில் கண்ணில் படும்.

வலி: இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்

வலியில் இருக்கும் நாய் பெரும்பாலும் கத்தாது. ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். படுக்கும் முன் பலமுறை சுற்றும், படுத்துவிட்டு எழும். குனிந்து சாப்பிடத் தயங்கும். மலம் கழிக்கும்போது உட்கார முடியாமல் நடந்துகொண்டே போகும். தொட்டால் திரும்பிப் பார்க்கும், இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். "முசுடு" என்று பெயர் வாங்கிய பல வயதான நாய்கள் வலி மருந்து தொடங்கிய இரண்டு வாரத்தில் வாலாட்டிக்கொண்டு வருகின்றன.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இபுப்ரோஃபென், டிக்லோஃபெனாக் போன்றவை நாயின் குடலில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைச் சாய்க்கும். பாராசிட்டமாலையும் மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்கக் கூடாது. நாய்களுக்கென உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்றவைகூட ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே. தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறையும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்க வேண்டும். வாந்தி, கறுத்த மலம், பசியின்மை வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு அழையுங்கள். இவற்றை ஸ்டீராய்டோடு சேர்த்து ஒருபோதும் கொடுக்கக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பல நாள் இடைவெளி வேண்டும், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். தோல் அரிப்புக்கு ஒருவர் ஸ்டீராய்டும், நொண்டலுக்கு இன்னொருவர் வலி மாத்திரையும் எழுதிக்கொடுத்து, இரண்டும் ஒரே வாரத்தில் வயிற்றுக்குள் போய் இரைப்பை துளைபடுவது நடக்கக்கூடிய ஒன்று. முழு மருந்துப் பட்டியலை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் நீட்டுங்கள்.

சிறுநீரகம் பழுதான நாய்க்கு வேறு வழிகள் உண்டு. காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து தரலாம். ஆரம்பத்தில் தள்ளாட்டமும் தூக்கமும் வரும், நெடுநாள் கொடுத்தபின் திடீரென நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கான காபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம். மூட்டு வலிக்கு மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசியும் இருக்கிறது. எது பொருந்தும் என்பது நாயின் மற்ற நோய்களைப் பொறுத்தது.

மருந்துக்கு நிகராக வேலை செய்வது எடைக் குறைப்பு. விலா எலும்புகள் லேசான தொடுதலில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவது சரியான வேகம், அதாவது 20 கிலோ நாய்க்கு 200 முதல் 400 கிராம். கிண்ணத்தைக் கண்ணளவில் நிரப்பாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். நடையை ஒரே மூச்சில் நீட்டாமல் 10 நிமிடமாக மூன்று வேளை வையுங்கள். மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் முந்தின நாள் நடை அதிகம். பந்து எறிந்து ஓடவிடுவது, வழுக்கலில் திருப்புவது இரண்டும் வேண்டாம். நகம் தரையில் டக் டக்கென்று ஒலித்தால் அது நீளம். நீண்ட நகம் விரலைப் பின்னுக்குத் தள்ளி முழங்கால்வரை பாரத்தைத் தப்பாகப் பிரிக்கும். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் உள்ளிருக்கும் ரத்தக்குழாய் மெல்லப் பின்வாங்கும்.

இதயம், சிறுநீரகம், சர்க்கரை

இதய வால்வு நோய்க்குத் தரும் பைமோபென்டானைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் கொடுப்பது நல்லது, வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும். நீர் இறக்கும் ஃபுரோசமைட் கொடுத்தால் தாகமும் சிறுநீரும் கூடும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கவோ மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூடாது. உப்புள்ள தீனி வேண்டாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ஹார்னெஸ் போடுங்கள்.

சிறுநீரக நோயில் பாஸ்பரஸ் குறைந்த சிறப்பு உணவுக்குத்தான் முதலிடம். குமட்டல் இருக்கும் நாளில் புதிய உணவை அறிமுகம் செய்தால் நாய் அந்த உணவையே வாழ்நாள் முழுக்க வெறுத்துவிடும். முதலில் குமட்டலை மருந்தால் அடக்குங்கள், பிறகு இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுத்தால் உணவோடு கலந்தே கொடுக்க வேண்டும், தனியாகக் கொடுத்தால் பயனில்லை. வீட்டில் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை மருத்துவர் கற்றுக்கொடுப்பார். இதயமும் பலவீனமாக இருந்தால் அதே திரவம் நுரையீரலில் நீராகிவிடும். இரண்டு நோயும் உள்ள நாயில் ஒன்றுக்குத் தரும் மருந்து மற்றொன்றை உரசும் என்பதால், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, சில நாள் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை.

இன்சுலினில் நடக்கும் மிகப் பெரிய தவறு சிரிஞ்சில். யூ-40 என்றால் ஒரு மில்லியில் 40 யூனிட், யூ-100 என்றால் 100 யூனிட். யூ-40 குப்பிக்கு யூ-40 சிரிஞ்ச், யூ-100 குப்பிக்கு யூ-100 சிரிஞ்ச். யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு அளவு போய்விடும். நாய் சாப்பிட்டதைப் பார்த்தபின் ஊசி போடுங்கள். பாதி சாப்பிட்டால் எவ்வளவு, சாப்பிடவே இல்லையென்றால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் பெரிய கெடுதல் இல்லை, இரட்டிப்பானால் உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு தெரிந்தால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கருத்தடை ஆகாத பெண் நாய்க்குச் சர்க்கரை கட்டுக்குள் வராது, அறுவை சிகிச்சை தேவைப்படும்.

வாய்

"வயசுக்கு மயக்க மருந்து தாங்காது" என்று பல்லை அழுகவிடுவது வருத்தம் தரும் வழக்கம். மயக்க மருந்து தாங்குமா என்பதை இதயம், சிறுநீரகம், ரத்த அளவுகள்தான் சொல்லும், வயது மட்டும் சொல்லாது. மயக்கம் கொடுக்காமல் பல்லைச் சுரண்டினால் வெளியே வெள்ளையாகும், ஈறுக்கடியில் உள்ள சீழ் அப்படியே இருக்கும். ஆடும் பற்களைப் பிடுங்கியபின் நாய்கள் நன்றாகவே சாப்பிடுகின்றன. மனிதர்களின் பற்பசை கூடாது.

உண்ணிக் காய்ச்சலும் இதயப்புழுவும்

மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல் எல்லாம் உண்ணி பரப்பும் கிருமிகளின் அடையாளங்கள். அவற்றில் ஒன்றான எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள். ஐந்தாம் நாளே தெளிந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும், சாப்பாட்டோடு கொடுங்கள். விரலிடுக்கு, காது மடிப்பு, வாலடி மூன்றையும் தினமும் பாருங்கள். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வேண்டாம். வலிப்பு வரும் நாய்க்கு ஐசாக்சாசோலின் வகை உண்ணி மாத்திரை பற்றி மருத்துவரிடம் சொல்லிக் கேட்டபின்பே கொடுங்கள்.

இதயப்புழு சிகிச்சையில் கடினமான பகுதி ஓய்வு. செத்த புழுக்கள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும். அந்த வாரங்களில் ஓடினாலோ குதித்தாலோ நாய் சுருண்டு விழலாம். மலஜலத்துக்குக் கயிற்றோடு போய்வருவது மட்டுமே.

கண், காது, மூளை

பார்வை போன நாய் வீட்டை மனப்பாடமாக வைத்திருக்கும். நாற்காலியை நகர்த்தாதீர்கள். படி தொடங்கும் இடத்தில் வேறு தொடுவுணர்வுள்ள விரிப்பு போடுங்கள். திடீரென ஒரே நாளில் பார்வை போனால் ரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும்.

மூளைத் தேய்வில் நாய் மூலையில் சிக்கி நிற்கும், கதவின் கீல் பக்கம் காத்திருக்கும், பகலில் தூங்கி இரவில் நடக்கும். அந்த முடிவுக்கு வருமுன் வலி, சிறுநீர்த் தொற்று, ரத்த அழுத்தம் மூன்றையும் விலக்க வேண்டும். பகலில் சிறு சிறு நடையும் மோப்ப விளையாட்டும், இரவில் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் படுக்கை ஏற்பாடும் உதவும். செலெஜிலின் போன்ற மருந்துகளும் உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயதான நாய் ஒரு காலையில் தலை சாய்ந்து, கண்கள் பக்கவாட்டில் துடிக்க, நிற்க முடியாமல் உருண்டு வாந்தி எடுத்தால் பார்ப்பவர்கள் பக்கவாதம், முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அவசரப்பட்டுக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. பல நேரங்களில் இது உட்காதுச் சமநிலைக் கோளாறு. 72 மணி நேரத்தில் தெளியத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். தலைச்சாய்வு கொஞ்சம் மிஞ்சலாம். மருத்துவரிடம் காட்டிக் காதையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மருந்து, கையால் ஊட்டல், துண்டைச் சுருட்டி அணை கட்டுதல், இவற்றோடு அந்த மூன்று நாளைத் தாண்டுங்கள்.

சிறுநீர் கசிவும் படுக்கைப் புண்ணும்

தூங்கும்போது தானாக நனைந்தால் சுருக்குத் தசையின் தளர்ச்சி. கருத்தடை ஆன பெண் நாய்களில் இது அதிகம், ஃபீனைல்புரோபனோலமைன் என்ற மருந்துக்குப் பெரும்பாலும் கேட்கும். விழித்திருக்கும்போது பெரிய அளவில் போனால் அதிகச் சிறுநீர் உற்பத்தி. வாசல் வரை வர முடியாமல் வழியில் போனால் மூட்டு வலி. மூன்றுக்கும் மருந்து வேறு. நனைந்த தோலை வெதுவெதுப்பான நீரில் கழுவி ஒற்றி உலர்த்துங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு போடாதீர்கள், நாய் நக்கிவிடும், அது நச்சு.

எழ முடியாத நாயை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்புங்கள். இடுப்பெலும்பு, முழங்கை, தோள் மூன்றிலும் முடியை விலக்கித் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அன்றே அந்த இடத்துக்குச் சுமை வராமல் திண்டு மாற்றுங்கள். புண் திறந்துவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

- வாந்தி வராமல் ஓங்கரித்து, வயிறு உப்பினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நிமிடங்கள் முக்கியம்.
- திடீரெனச் சரிந்து ஈறு வெள்ளையாக இருந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், பெரும்பாலும் மண்ணீரல் கட்டியால்.
- 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு, அல்லது 24 மணி நேரத்தில் இரண்டு முறை.
- ஓய்விலும் வாய் திறந்து இழுத்து மூச்சு, நாக்கு நீலம்.
- சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருப்பது.

கடைசிக் கட்டம்

நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று நாள்காட்டியில் குறி போடத் தொடங்குங்கள், தேவைப்படுவதற்கு முன்பே. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஏழு விஷயங்களைப் பார்க்கிறது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருக்கும்வரை வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது. வீட்டில் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். அன்பு கண்ணை மறைக்கும் இடம் அதில் தெரிந்துவிடும். மூச்சுத் திணறலோ அடங்காத வலியோ மட்டும் விடைகொடுக்கத் தனியாகவே போதுமான காரணம், கூட்டுத்தொகைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கருணைக்கொலை என்று முடிவானால் முதலில் மயக்க ஊசி போடச் சொல்லுங்கள், நாய் தூங்கியபின் பென்டோபார்பிட்டால் ரத்தக்குழாயில் ஏற்றப்படும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும், தசை துடிக்கலாம், ஒரு நெடுமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம். அப்போது நாய்க்கு நினைவு இல்லை. கூட இருக்க முடிந்தால் அதற்குப் பழகிய குரலில் பேசிக்கொண்டிருங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் உடலை மோப்பம் பார்க்க விடுங்கள். சில வாரங்கள் அது சரியாகச் சாப்பிடாமல் தேடலாம், அதன் நடையையும் சாப்பாட்டு நேரத்தையும் மாற்றாமல் வையுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் மூடி மருத்துவமனையில் கொடுங்கள். பிரிக்காத மருந்தும் மீந்த விரிப்புகளும் சாய்தளமும் காப்பகத்தில் அடுத்த வயதான நாய்க்கு அன்றே தேவைப்படும். கொண்டுபோகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள், எந்த மருந்து எத்தனை நாளில் கேட்டது என்பது அதில் இருக்கிறது.